ராஷித் அர்பாபின் கட்சியில் நான்

"அண்ணே, ஒம்போது மூணு நல்ல தோட்டாவா, முந்நூத்தி எழுபத்தஞ்சு நல்ல தோட்டாவா? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க."

போன வாரம் ஷார்ஜாவிலிருந்து செந்தில் போன் போட்டுக் கேட்டான். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். நான் வேலை பார்த்த துப்பாக்கி சுடும் கிளப்பில் இப்போது கவுன்ட்டரில் இருக்கிறான். நான் குடியாத்தத்தில் என் வீட்டு அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. மகளுக்குப் பிரசவம் பார்க்க ஓசூர் போன என் மனைவி, பேரன் தவழ ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. வா என்று நானும் அழுத்திச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் நான் இல்லாமல் இருந்து பழகியவளிடம் எந்த உரிமையில் சொல்வது?

"நம்ம தோட்டா ரூமை மூடப் போறாங்கண்ணே. இனிமே எல்லாம் கம்பெனி டப்பாவுல வர்ற தோட்டாதான்" என்றும் செந்தில் சொன்னான். அதைக் கேட்டதும் கையைக் கழுவிவிட்டு அடுப்பை அணைத்தேன். அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னது யார் என்பதை அவன் கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னான். நானும் அப்படியே செய்கிறேன். முதலில் அந்த ரூமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் ஹவல்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பேன். ஆனால் தோட்டாவை ஒரு மனிதன் மேஜையில் உட்கார்ந்து கையால் தயார் செய்வான் என்பது ஷார்ஜா போகும்வரை எனக்குத் தெரியாது. ராணுவத்தில் அது பெட்டியில் வரும். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் எண்ணுவோம், அவ்வளவுதான்.

கிளப் தைது போகும் சாலையில் ஊரைத் தாண்டி இருந்தது. உறுப்பினர்களில் பாதிப்பேர் வருஷத்துக்கு ஒருமுறை ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிற எமிராத்திப் பெரியவர்கள். கடையில் வாங்கும் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவானது. தன் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி தோட்டா வேண்டும் என்பது இவர்கள் ஆசை. சுட்டபிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டை எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். அதைக் கழுவி, பிரஸ்ஸில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தரும் புது பிரைமர் வைத்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகிக் கொடுக்க வேண்டும். போலீஸ் அனுமதி, பூட்டு, சாவி, கேமரா எல்லாம் உண்டு. அந்த ரூமுக்குள் மொத்தமே இரண்டு பேர்தான். ஒருவன் நான். இன்னொருவர் ரூமுக்குப் பொறுப்பாளரான சுபேதார் சாப்.

சுபேதார் சாப் பாகிஸ்தான் ராணுவத்தில் இருந்தவர், சக்வால் பக்கத்துக்காரர். நான் இந்திய ராணுவம். மலைமேல் நடந்த சண்டை முடிந்து அதிக காலம் ஆகவில்லை. முதல் நாள் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "எந்த செக்டார்ல இருந்தே?" என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். "நான் எதிர்ப் பக்கம்" என்றார். அதோடு சரி. பிறகு எட்டு வருஷம் அந்தப் பேச்சே வரவில்லை.

பேச்சு வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருந்து நிறுக்கும்போது பேசக் கூடாது என்பது அவர் சட்டம். ஏசியையும் நிறுத்திவிடுவார், காற்று பட்டால் தராசு முள் ஆடும் என்று. ஆகஸ்ட் மாதத்தில், ஜன்னல் இல்லாத ரூமில், ஏசி இல்லாமல். வியர்வை மருந்தில் சொட்டாமலிருக்க நெற்றியில் துண்டைக் கட்டிக்கொள்வோம். நான் கூட்டுக்குள் மருந்தைப் போட்டுத் தட்டில் வரிசையாக நிறுத்துவேன். அவர் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே உயரத்தில் இருந்தால் மேஜையை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். அதற்கு அர்த்தம், குண்டைச் செருகு. தட்டவில்லை என்றால் மொத்தத்தையும் டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அதற்கும் தட்டவில்லை மனுஷன். நல்லா செஞ்சே என்று அவர் வாயால் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த இரண்டு தட்டுதான் கூலிக்கு மேல் கிடைத்த கூலி.

முவைலாவில் எனக்கு ரூம். கூட இருந்தவர்களில் ஒருவன் பேக்கரி, ஒருவன் லாண்டரி, ஒருவன் டிரைவர். ஆளுக்கொரு டியூட்டி. நான் வரும்போது அவர்கள் தூங்குவார்கள், அவர்கள் எழும்போது நான் இருக்கமாட்டேன். என் வேலையை யாருக்கும் விளக்கவும் முடியாது. "தோட்டாவா? வாழைத் தோட்டமா தென்னந் தோட்டமா?" என்று பேக்கரிக்காரன் சிரிக்காமல் கேட்பான். வெள்ளிக்கிழமை போன் கார்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பேசுவேன். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். மழை உண்டா, இல்லை. கார்டில் பணம் மிச்சம் இருக்கும்போதே பேச்சு தீர்ந்துவிடும். தனிமை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த வாழ்க்கையில் வாரம் ஒருநாள் மட்டும் ஆட்டபாட்டம் இருந்தது. வியாழக்கிழமை மாலையானால் உபைத் அர்பாபும் ராஷித் அர்பாபும் வந்துவிடுவார்கள். அர்பாப் என்றால் முதலாளி. அங்கே பெரிய மனிதர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இருவரும் எழுபதைத் தொட்டவர்கள். எண்ணெய் வருவதற்கு முன்பே சின்னப் பையன்களாக ஒரே கப்பலில் பம்பாய் போய் வியாபாரம் பழகியவர்கள். அதனால் இந்தி தண்ணீர்பட்ட பாடு. எங்களிடம் சண்டை போடவும் அதுவே வசதியாக இருந்தது.

சண்டை எல்லாம் தோட்டாவைப் பற்றித்தான். உபைத் அர்பாப் வைத்திருந்தது ஒன்பது மூன்று. ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் ஒரு நூலிழை தடிமனான குண்டு. ராஷித் அர்பாபுடையது முந்நூற்று எழுபத்தைந்து. இது அங்குலக் கணக்கு, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இத்தனை பங்கு. அந்தக் குண்டையும் இந்தக் குண்டையும் பக்கத்தில் வைத்தால் தடிமனில் இரண்டு மூன்று தலைமுடிதான் வித்தியாசம். அந்த இரண்டு மூன்று தலைமுடிக்காக இருபது வருஷமாக அடித்துக்கொண்டார்கள்.

"உன் தோட்டா அடியில பெல்ட் கட்டியிருக்கு. தொந்திக்காரன்தான் பெல்ட் கட்டுவான்" என்பார் உபைத் அர்பாப்.

முந்நூற்று எழுபத்தைந்தின் அடிப்பக்கத்தில் இடுப்புப் பட்டை மாதிரி ஒரு வளையம் நிஜமாகவே உண்டு.

"தொந்தி இருக்கறவன் அடிச்சாத்தான் காட்டெருமை விழும். பல தேசத்துல காட்டெருமைக்கு இதுக்குக் கீழே சட்டமே அனுமதிக்காது. உன்னுது கூடாதுன்னு எழுதியே வச்சிருக்கான்" என்பார் ராஷித் அர்பாப்.

"அது சட்டம் எழுதினவன் முட்டாள். எருமை சட்டம் படிச்சிருக்கா?"

"விமானத்துல உன் பெட்டி தொலைஞ்சா என்ன செய்வே? என் தோட்டா எந்த ஊர்க் கடையிலயும் கிடைக்கும்."

"நான் ஏன் பெட்டியைத் தொலைக்கிறேன்? நான் என்ன ராஷிதா?"

பிறகு இருவரும் என் பக்கம் திரும்புவார்கள். "ஹவல்தார், நீ சொல்லு."

சுபேதார் சாப் இதற்கும் ஒரு சட்டம் போட்டிருந்தார். "துப்பாக்கி வச்சிருக்கறவன்கிட்ட அவன் துப்பாக்கியைப் பத்தி அபிப்பிராயம் சொல்லாதே. அவன் பெண்டாட்டியைப் பத்திச் சொல்லுவியா?" என்பார். அதனால் நான், அவர்கள் சுட்டு வந்த குறி அட்டைகளைக் காட்டி, "அட்டை சொல்லும், அர்பாப்" என்று ஒதுங்கிவிடுவேன். அட்டை ஒரு வாரம் இவர் பக்கம், மறு வாரம் அவர் பக்கம். கிளப் மேனேஜர் சுவரில் ஒரு பலகை மாட்டி மதிப்பெண் வேறு எழுதிவந்தார். அவர் லெபனான்காரர், எதையும் விழாவாக்கிவிடுவார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எங்களுக்கும் கொண்டாட்டம்தான்.

ஆனால் மனதுக்குள் எனக்கு ஒரு கட்சி இருந்தது. ஒன்பது மூன்று. செய்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். முந்நூற்று எழுபத்தைந்தின் கூடு ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்தப் பெல்ட்டுக்குச் சற்று மேலே இழுபட்டு உள்ளுக்குள் மெலியும். வெளியே பார்த்தால் தெரியாது. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். கம்பி லேசாகத் தடுக்கினால் பள்ளம் விழுந்துவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட வேண்டும். ஒன்பது மூன்றில் இந்த வம்பே இல்லை. கூடு நீண்ட நாள் உழைக்கும், துப்பாக்கியும் கனமில்லை, தோளிலும் கம்மியாகத்தான் உதைக்கும். கனமான குண்டு நிதானமாகப் போய் ஆழமாக இறங்கும். தூரத்தில் சுடுவதானால் ராஷித் அர்பாபுடையது மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுபது வயசுக் கண்ணுக்கு எதற்கு அத்தனை தூரம்?

ஒரு ஜூலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ராஷித் அர்பாப் தோட்டாப் பெட்டியை லேண்ட் குரூசரின் டேஷ்போர்டில் வெயிலில் வைத்துவிட்டு, அப்படியே எடுத்துவந்து சுட்டார். சூடேறிய மருந்து வேகமாக எரியும், உள்ளே அழுத்தம் கூடிவிடும். துப்பாக்கியின் பின்பக்கத் தாழான போல்ட் இறுகிக்கொண்டு திறக்கவே இல்லை. சுபேதார் சாப் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டித் திறந்தார். உபைத் அர்பாப் அன்று கிளப்புக்கே அல்வா வாங்கி வந்தார். "என் ஒன்பது மூணு இப்படிச் செய்யுமா?" மறு வாரம் அவரும் அதே போலப் பெட்டியை வெயிலில் மறந்தார், அவருடையதும் அதே போல இறுகிக்கொண்டது. வெயிலுக்கு ஏது கட்சி? அல்வா வாங்குவது ராஷித் அர்பாபின் முறை. அதன் பிறகு சுபேதார் சாப் உத்தரவுப்படி இருவரும் மீன் வாங்கப் போகிறவர்கள் மாதிரி ஐஸ் பெட்டியில் தோட்டாவைக் கொண்டுவந்தார்கள். ஒட்டகப் பால் பாட்டிலும் அதிலேயே இருக்கும்.

ராஷித் அர்பாப் ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனார். பேரீச்சந் தோட்டத்தில் பகல் தொழுகை முடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி வந்த அன்று நாங்கள் அவருக்குத்தான் தோட்டா செய்துகொண்டிருந்தோம். மருந்து போட்ட கூடுகள் தட்டில் நின்றன. சுபேதார் சாப் டார்ச்சை அணைத்துவிட்டார். நான் எல்லாவற்றையும் டப்பாவில் திருப்பிக் கொட்டினேன்.

துக்கம் முடிந்து உபைத் அர்பாப் முதன்முதலாக கிளப்புக்கு வந்த வியாழக்கிழமைதான் மேனேஜர் அந்தக் காரியத்தைச் செய்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், குறை சொல்லக் கூடாது. பலகையில் இருந்த மதிப்பெண்ணையெல்லாம் கூட்டி, இவரே வெற்றி பெற்றார் என்று அறிவித்து, பித்தளைக் கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். "மப்ரூக், மப்ரூக்" என்று வாழ்த்தினார்கள். "கலாஸ் அர்பாப், முடிஞ்சுது, ஒன்பது மூணுதான் ஜெயிச்சுது. உங்களை எதிர்த்துப் பேச இனி யார் இருக்கா?" என்று ஒருவர் தோளைத் தட்டினார்.

உபைத் அர்பாப் கோப்பையை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் கவுன்ட்டர் மேல் அதை வைத்துவிட்டு, சுடாமலே போய்விட்டார். அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. அந்த வருஷம் ஆப்பிரிக்காவுக்கும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கோப்பையில் பேனா போட்டு வைத்தோம்.

ஆள் இறந்தால் அவர் பெயரிலிருந்த துப்பாக்கியும் தோட்டாவும் அப்படியே இருக்க முடியாது. துப்பாக்கி போலீஸுக்குப் போயிற்று. மிச்சமிருந்த தோட்டாக்களைப் பிரித்து அழிக்கச் சொல்லி ராஷித் அர்பாபின் மகன் எங்களிடம் கொடுத்தார். எல்லாம் நான் செய்தவை. தோட்டாவை, இதற்கென்றே தலையைக் குழலாகச் செய்த ஒரு சுத்தியலுக்குள் பொருத்திக் கட்டையில் தட்ட வேண்டும். ஓரிரண்டு அடியில் குண்டு கழன்று மருந்தோடு உள்ளே விழும். மருந்து தனி, குண்டு தனி, கூடு தனி. செய்வதற்குப் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்குகூடப் பிரிப்பதற்கு வேண்டாம். மருந்து நிறுக்கிற வேலை இல்லையென்பதால் அன்று பேசலாம். ஆனாலும் நாங்கள் பேசவில்லை. என் ஊரில், என் மொழியில், ஒரு சாவுக்குப் போய் அழுதே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. என் அப்பா செத்ததுக்கே லீவு கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

அப்போது ரூமின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உபைத் அர்பாப் வந்து நின்றார். கையில் துப்பாக்கிப் பை. இளைத்துப் போயிருந்தார். நான் கவுன்ட்டருக்கு வந்தேன். சுபேதார் சாப் என் பின்னால் வாசற்படியில் நின்றார்.

"இதை வித்துக் குடு, ஹவல்தார்" என்றார் உபைத் அர்பாப்.

"ஏன் அர்பாப்?"

"யார்கூடப் போய்ச் சுடறது? பசங்களுக்கு பால்கன் பறவை போதும், கார் போதும். வீட்ல என்ன சொன்னாலும் சரி பாபா, சரி பாபாங்கறாங்க. மஜ்லிஸ்ல நாலு பேரோட உக்காந்தா எல்லாரும் தலையாட்டறாங்க." பையை என் பக்கம் தள்ளினார். உள்ளே மேஜையில் ராஷித் அர்பாபின் குண்டுகள் தனியாகக் கிடந்ததைப் பார்த்தார். "அவனுது கலாஸ். என்னுதும் கலாஸ். இப்பவாவது சொல்லேன். அவன்தான் இல்லையே, யார் மனசும் நோகாது. என்னுதுதானே நல்ல தோட்டா?"

என்னுதுதானே என்று கேட்ட குரலில் ஜெயித்தவன் தெம்பு கொஞ்சமும் இல்லை. ஆமாம் என்று சொல்வது ரொம்பச் சுலபம். அதுதான் என் மனசாட்சிப்படி உண்மையும்கூட. ஆனால் கோப்பை கொடுத்த அன்று அத்தனை பேர் சேர்ந்து ஆமாம் சொல்லித்தானே இந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று தோன்றியது. ஆமாம் என்ற ஒரு சொல்லைக் கேட்டால் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போய்விடுவார். பிறகு வரமாட்டார்.

"இல்லை அர்பாப்" என்றேன். "முந்நூத்தி எழுபத்தஞ்சுதான்."

சுபேதார் சாப் போட்ட சட்டத்தை அவர் முன்னாலேயே மீறியிருந்தேன்.

"என்ன சொன்னே?"

"ராஷித் அர்பாப் சொன்னதுதான் சரி. தூரத்துல சுட்டா உங்க குண்டு கீழே தொங்கிடும். பெட்டி தொலைஞ்சா நீங்க குச்சியை வச்சுக்கிட்டுத்தான் எருமையைத் துரத்தணும்."

உபைத் அர்பாபின் முகத்தில் ரத்தம் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். "நீ தோட்டா செய்யறியா, பரோட்டா செய்யறியா? உனக்கு அறிவு இருக்கா? அந்தத் தொந்திக்காரன் கூடு நாலு தடவைல கிழியுதுன்னு கம்பி விட்டுத் தடவறவன் நீதானே?" என்று கவுன்ட்டரை அடித்தார். கோப்பை உருண்டு பேனாக்கள் சிதறின. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சாய் கொண்டு வா. இதை இன்னிக்கு முடிச்சுட்டுத்தான் போவேன்."

சாய் எடுக்கத் திரும்பினேன். வாசற்படியில் சுபேதார் சாப் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அவர் விரல் முட்டி கதவு நிலையை இரண்டு தட்டு தட்டியது.

அன்றிலிருந்து நான் ராஷித் அர்பாபின் கட்சி. பொய்க் கட்சிதான். ஆனாலும் வாரம் முழுக்க அடுத்த வியாழனுக்கு என்ன வாதம் வைப்பது என்று முவைலா ரூமில் படுத்தபடி யோசிப்பேன். ராஷித் அர்பாப் சொன்ன பழைய வாதங்கள் தீர்ந்தபோது புதிதாகப் பிடித்தேன். உபைத் அர்பாப் மறுபடி ஆப்பிரிக்கா போனார். திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்து, ஒரே குண்டில் விழுந்த மானைப் பற்றி என் மூக்குக்கு நேரே விரலை ஆட்டிச் சொன்னார். "அது செத்த மானா இருந்திருக்கும்" என்றேன். அந்தச் சண்டை இரண்டு வாரம் நடந்தது. அந்த ஊரில் என்னோடு வேலைக்காக இல்லாமல் வேறொன்றுக்காக உட்கார்ந்து பேசிய ஒரே மனிதர் அவர்தான். அவருக்குத் துணையாக இருக்கத்தான் பொய் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். எனக்கும் வேறு ஆள் இல்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.

சுபேதார் சாப் எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டார். கிளம்பும்போது டார்ச்சை என் கையில் கொடுத்து, "உன் நாக்குல கோணல் இருக்கு மதராசி, கையில இல்லை" என்றார். என்னைப் பற்றி அவர் அதிகம் பேசிய நாள் அதுதான்.

என் விசா முடிந்தது ஒரு கோடையில். உபைத் அர்பாப் அப்போது முழங்கால் ஆபரேஷனுக்காக லண்டனில் இருந்தார். சொல்லிக்கொள்ள முடியவில்லை. என் ஊர் நம்பரும் அவரிடம் கிடையாது. கடைசி வாதம் என் முறையில் நின்றிருந்தது. பதில் சொல்லாமலே விமானம் ஏறிவிட்டேன். இங்கே வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பேங்குக்குப் போனால் ஹவல்தார் வணக்கம் என்கிறார்கள். டீக்கடையில் வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். என்ன சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்கிறார்கள். வயசாகிவிட்டதல்லவா.

இனி செந்திலின் போனுக்கு வருகிறேன்.

"இன்னாபா அவசரம்? ரூமே மூடப் போறாங்கன்ற. எதுக்குக் கேக்கற?" என்றேன்.

"நானா கேக்கலண்ணே. ஒரு அர்பாபு குச்சி ஊனிக்கிட்டு வந்திருக்காரு. நேத்தும் வந்தாரு. ஹவல்தார்கிட்ட கேளு, ஹவல்தார்கிட்ட கேளுன்னு ஒரே புடிவாதம். துப்பாக்கியக்கூடக் கொண்டாரல. கேட்டுச் சொல்லிட்டா போயிருவாருண்ணே. ஒம்போது மூணுன்னே சொல்லிரவா? அவரு அதான் வச்சிருக்காராம், சந்தோசப்படுவாரு."

"அத்த மட்டும் சொல்லாதே!" என்று கத்திவிட்டேன். காலி வீட்டில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "முந்நூத்தி எழுபத்தஞ்சுன்னு சொல்லு. ஒன்பது மூணு கொசு அடிக்கத்தான் லாயக்குன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

"ஐயோ, கோவப்படப் போறாருண்ணே."

"சொல்லுபா."

அவன் தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு ஏதோ விழுந்தது, குச்சியாக இருக்க வேண்டும். போன் கை மாறியது. மூச்சு வாங்கும் சத்தம். பிறகு அந்தக் குரல், பழைய உரத்தில் பாதிதான் என்றாலும் அதே குரல்.

"ஹவல்தார்! கொசுவா? கொசுன்னா சொன்னே?"

"ஆமா அர்பாப், சின்னக் கொசு" என்றேன். அடுப்படி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.